நீடாமங்கலம் கடை லேப்டாப்: விண்டோஸ் 10 பக்கத்துலயே லினக்ஸ் போடலாமா?

நீடா_ஜெராக்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலத்துல ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்குற சின்னக் கடை வச்சிருக்கேன். கடையில ஓடுறது ஒரே ஒரு லேப்டாப். 6-ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட பாதுகாப்பு அப்டேட் முடிஞ்சிடுச்சு. விண்டோஸ் 11 போடலாம்னு பார்த்தா, இந்த ப்ராசஸருக்கு ஆகாதுன்னு செக் பண்ற ஆப்பே சொல்லிடுச்சு.

என் வேலையில முக்கால்வாசி பிரவுசர்லயே முடிஞ்சிடும். பட்டா சிட்டா, பயிர்க் காப்பீடு, கரண்டு பில், ரயில் டிக்கெட் எல்லாம் அப்படித்தான். ஆனா ஆதார் கைரேகைக் கருவி விண்டோஸ்லதான் ஓடுது. ரெண்டு கடைக்காரங்களுக்குக் கணக்கு எழுதித் தர்றேன், அந்த சாஃப்ட்வேரும் விண்டோஸ்தான். அதனால விண்டோஸை எடுக்க முடியாது. பக்கத்துல லினக்ஸ்ங்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டு, நெட் வேலையை எல்லாம் அதுல பார்க்கலாமான்னு யோசனை.

பயிர்க் காப்பீட்டுக் கூட்டம் நவம்பரோட ஓய்ஞ்சிடுச்சு. தை பொறந்தா அறுவடை, கொள்முதல் நிலையத்துக்குப் பதிவு பண்ண வருவாங்க. நடுவுல இந்த மார்கழியிலதான் மெஷின்ல கை வைக்க முடியும். டி டிரைவ்ல வாடிக்கையாளர்களோட ஸ்கேன் காப்பி நிறைய கிடக்கு. அதுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. இன்னொரு விஷயம், லேப்டாப் பேட்டரி சுத்தமா நிக்காது, சார்ஜரைப் பிடுங்கினா அணைஞ்சிடும்.

எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

மன்னை_சர்வீஸ்

அண்ணே, டிஸ்க்கைத் தொடுறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க.

ஸ்டார்ட் மெனுவுல 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறங்க. அதுல 'பயாஸ் மோட்'னு ஒரு வரி வரும். யுஇஎஃப்ஐயா, லெகசியா? மெஷின் ஆன் ஆகும்போது இயங்குதளத்தை எழுப்புற முறை இது, யுஇஎஃப்ஐ புதுசு, லெகசி பழசு. இந்த வயசு மெஷின் கம்பெனியிலேர்ந்து யுஇஎஃப்ஐயில வந்திருக்கும். ஆனா நடுவுல யாராவது பழைய பென்டிரைவ் வச்சு லெகசியில விண்டோஸை மறுபடி ஏத்தியிருப்பாங்க, நம்ம பக்கம் இது ரொம்ப சகஜம். விண்டோஸ் எந்த முறையில இருக்கோ அதே முறையிலதான் லினக்ஸையும் போடணும். கலந்து போட்டா ஒண்ணு இன்னொண்ணைக் கண்டுபிடிக்காது.

அடுத்தது, சி டிரைவ்ல பிட்லாக்கர் பூட்டுப் போட்டிருக்கா? போட்டிருந்தா ரெகவரி கீ 48 இலக்கத்துல இருக்கும், அதை முதல்ல காகிதத்துல எழுதி வைங்க.

கீழ டிவிடி டிரைவ் இருக்கா? இதுக்குப் பதில் தெரிஞ்சா மிச்சத்தைச் சொல்றேன்.

குடந்தை_திறமூலம்

விண்டோஸ் எதுக்குங்க? முழுசா லினக்ஸுக்கு வாங்க. நான் அப்படித்தான் இருக்கேன், ஒரு குறையும் இல்ல. கணக்குக்கு லிப்ரே ஆபீஸ் போதும்.

நீடா_ஜெராக்ஸ்

@மன்னை_சர்வீஸ் யுஇஎஃப்ஐன்னுதான் காட்டுது. பிட்லாக்கர் இல்ல. டிவிடி டிரைவ் இருக்கு, யாரும் தொடறதே இல்ல.

@குடந்தை_திறமூலம் கைரேகை வைக்க வர்ற பாட்டிகிட்ட லிப்ரே ஆபீஸைக் காட்ட முடியாதுங்க. கணக்கு சாஃப்ட்வேர் கோப்பையும் அந்தக் கடைக்காரங்களோட ஆடிட்டர் கேக்குற வடிவத்துலதான் கொடுத்தாகணும்.

தஞ்சை_மேலவீதி

ஓய்வுபெற்றவன், பொழுது இருப்பதால் இந்த இழைகளைத் தவறாமல் படிக்கிறேன். ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் என்பது நம் ஊருக்குப் புதிதல்ல. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், ஆரம்ப ஆண்டுகளில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் வழியாக வந்த மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. பட்டனை அழுத்தியதும் எது வேண்டும் என்று கேட்கும் அந்தப் பட்டியலை டெல்டாவில் பிளஸ் டூ படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் என் பேத்தி உட்பட நான் அறிந்த பிள்ளைகள் எல்லோரும் முதல் வாரத்திலேயே லினக்ஸ் பகுதியை அழித்து, படம் சேமிக்கும் இடமாக்கிக் கொண்டார்கள். அதை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பாஸ் மோசமாக இருந்தது என்று நான் நினைக்கவில்லை. எனவே தம்பி நீடாமங்கலம், போடுவதென்று முடிவு செய்தால் எந்த வேலையை எதில் செய்வது என்பதை முதலிலேயே தீர்மானித்து விடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் பழைய பழக்கம் இழுத்துவிடும்.

மன்னை_சர்வீஸ்

ஐயா சொல்றது உண்மை. இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

வழக்கமா எல்லாரும் சொல்ற வழி இது. விண்டோஸ்ல டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, சி-யையோ டி-யையோ சுருக்கி, காலியான இடத்துல லினக்ஸ் போடுறது. நல்ல வழிதான், நானும் செய்து கொடுத்திருக்கேன். ஆனா உங்க மெஷினுக்கு வேணாம்னு சொல்வேன். காரணம் அந்தப் பேட்டரி. பார்ட்டிஷனைச் சுருக்கும்போது உள்ள இருக்கிற கோப்புகளை இடம் மாத்தி வைக்கும். அந்த நேரத்துல கரண்டு போச்சுன்னா, பேட்டரி நிக்காத லேப்டாப்ல டி டிரைவ் திறக்குமா திறக்காதான்னு யாராலயும் உறுதி சொல்ல முடியாது. நம்ம ஊர்ல மழை பிடிச்சா கரண்டு எப்ப போகும், எப்ப வரும்னு உங்களுக்கே தெரியும். கடையில இன்வெர்ட்டர் இருந்தாலும், மாறுற அந்த ஒரு நொடிக்கு லேப்டாப் தாங்கணுமே.

அதனால ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான டிஸ்க்) வாங்குங்க. கூடவே டிவிடி டிரைவ் இருக்கிற இடத்துல ஹார்ட் டிஸ்க் வைக்கிற 'கேடி' ஒண்ணு. கேடி 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர்னு ரெண்டு தடிமன்ல வரும். டிவிடி டிரைவை உருவி அளந்துட்டுக் கடைக்குப் போங்க, கண்ணால பார்த்து வாங்காதீங்க. லேப்டாப் அடியில ஒரே ஒரு ஸ்க்ரூதான் டிவிடி டிரைவைப் பிடிச்சிருக்கும். அதைக் கழட்டினா இழுத்தா வந்திடும். டிரைவோட முகப்பு பிளாஸ்டிக்கை மெதுவா நெம்பி எடுத்து கேடியில மாட்டிட்டா, வெளியில பார்க்க வித்தியாசமே தெரியாது.

இப்ப முக்கியமான இடம். பழைய ஹார்ட் டிஸ்க்கை வெளியில எடுத்து வச்சிடுங்க. அது இருந்த இடத்துல எஸ்எஸ்டியை மாட்டுங்க. லேப்டாப்புக்குள்ள எஸ்எஸ்டி மட்டும்தான் இருக்கணும். அப்புறம் லினக்ஸ் போடுங்க. இப்படிச் செய்யுறதுக்கு ரெண்டு காரணம் இருக்கு.

உபுண்டுங்கிற லினக்ஸ் குடும்பத்தோட பழைய இன்ஸ்டாலருக்கு ஒரு பழக்கம் உண்டு. பூட்லோடரை (ஆன் பண்ணினதும் இயங்குதளத்தை ஏத்துற சின்ன புரோகிராம்) ரெண்டாவது டிஸ்க்ல போடுன்னு நாம தேர்ந்தெடுத்தாலும், முதல் டிஸ்க்ல பூட்லோடருக்குன்னு இருக்கிற இஎஃப்ஐ பார்ட்டிஷன்லதான் கொண்டு போய் வைக்கும். பின்னாடி ஒரு டிஸ்க்கைக் கழட்டினா இன்னொண்ணு பூட் ஆகாம நிக்கும். விண்டோஸ் டிஸ்க்கே உள்ள இல்லன்னா இந்தக் குழப்பத்துக்கு வழியே இல்ல.

இன்னொண்ணு, 'எரேஸ் டிஸ்க் அண்ட் இன்ஸ்டால்'னு ஒரு ஆப்ஷன் வரும். புதுசா போடுறவங்க டேட்டாவை இழக்கிறது பெரும்பாலும் அந்த ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துத்தான். எஸ்எஸ்டி மட்டும் உள்ள இருந்தா அதையே தைரியமா தேர்ந்தெடுக்கலாம். அழிய ஒண்ணும் கிடையாது. நடுவுல கரண்டு போனாலும் மறுபடி முதல்லேர்ந்து போட்டுக்கலாம். விண்டோஸ் டிஸ்க் உங்க மேசை டிராயர்ல பத்திரமா இருக்கும்.

எல்லாம் முடிஞ்சதும் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கேடியில மாட்டிச் சொருகுங்க. ஆன் பண்ணும்போது பூட் மெனு கீயை அழுத்தினா ரெண்டும் தெரியும். அந்தக் கீ சில கம்பெனியில எஃப்12, சிலதுல எஃப்9, சிலதுல எஸ்கேப். உங்க மாடலுக்கு எதுன்னு பார்த்துக்குங்க.

கொள்ளிடம்_கரை

டூயல் பூட்டே (ஒரே மெஷின்ல ரெண்டு இயங்குதளம் வைக்கிறது) வேணாமே. லினக்ஸ் போட்டு, உள்ள வர்ச்சுவல் பாக்ஸ்ங்கிற சாஃப்ட்வேர்ல விண்டோஸ் ஓட்டலாமே?

மன்னை_சர்வீஸ்

8 ஜிபி ராம்ல ரெண்டையும் ஒரே நேரத்துல ஓட்டினா வரிசையில நிக்கிற ஆளுக்குப் பொறுமை போயிடும் அண்ணே. கைரேகைக் கருவியை யுஎஸ்பி வழியா உள்ள அனுப்புறதும் சில நாள் நடக்கும், சில நாள் நடக்காது. தொழிலுக்கு வேணாம். வீட்ல கத்துக்கறதுக்கு ரொம்ப நல்ல வழி.

திருவாரூர்_ஆசிரியை

தமிழ்த் தட்டச்சு பற்றி யாரும் பேசவில்லையே. ஜெராக்ஸ் கடை என்றால் மனு தட்டச்சு செய்ய வருவார்கள்.

லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகை ஏற்கெனவே இருக்கிறது. இயங்குதளத்தின் கீபோர்டு அமைப்பிலேயே தமிழைச் சேர்த்தால் தமிழ்நெட் 99 என்ற தேர்வு வரும். அது சரிவரவில்லை என்றால் ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்பை நிறுவுங்கள். அதில் தமிழ்99-உடன் ஆங்கில ஒலிப்பு முறையும் இருக்கிறது. விண்டோஸில் இ-கலப்பையோ என்எச்எம் ரைட்டரோ வைத்துப் பழகியவர்களுக்கு விரல் மாற வேண்டியதில்லை.

தொல்லை வருவது பழைய கோப்புகளில்தான். வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்த வேர்டு கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும் புரியாத குறிகளாகத்தான் தெரியும். அங்கே லினக்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. அவற்றை ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் எல்லா இடத்திலும் திறக்கலாம். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டுவிட்டது. இன்னும் நாம் வானவில்லைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் யூனிகோடு எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை லினக்ஸிலும் போட்டுக்கொள்ளுங்கள். அலுவலகத்திலிருந்து வரும் கோப்பு அதே தோற்றத்தில் திறக்கும்.

வெட்டாறு

நேரத்தைப் பத்தி ஒரு எச்சரிக்கை. மெஷினுக்குள்ள இருக்கிற கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரம்னு எடுத்துக்கும். லினக்ஸ் அதை உலகப் பொது நேரம்னு எடுத்துக்கும். நமக்கு வித்தியாசம் 5:30 மணி. லினக்ஸ்ல வேலை பார்த்துட்டு விண்டோஸுக்குப் போனா காலை 11 மணிக்கு விடியக்காலை 5:30-ன்னு காட்டும்.

வீட்ல இது சின்ன எரிச்சல். உங்க கடையில அப்படி இல்ல. கைரேகை வைக்கும்போது அந்தத் தகவலோட நேர முத்திரையும் சேர்ந்து போகும், நேரம் பொருந்தலைன்னா ஆதார் சரிபார்ப்பு நிராகரிச்சிடும். விரல் சரியா பதியலன்னு நினைச்சு அந்தப் பெரியவரை மறுபடி மறுபடி விரலை வைக்கச் சொல்லிக்கிட்டிருப்பீங்க. நாத்து பறிச்சுத் தேய்ஞ்ச விரல், ஏற்கெனவே பதியுறது கஷ்டம். நேரம் தப்பா இருந்தா விரல் நல்லா பதிஞ்சும் பிரயோஜனம் இல்ல.

லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாத்திடுங்க, டெர்மினல்ல ஒரே வரி. ஆங்கில எழுத்துல ஸ்கிரீன்ஷாட் இணைச்சிருக்கேன். அந்த வரியைப் போட்டதும் ஒரு எச்சரிக்கை வரும், பரவாயில்ல.

மன்னை_சர்வீஸ்

@வெட்டாறு அருமை, நான் விட்டுட்டேன்.

இதையும் சேர்த்துக்குங்க. விண்டோஸ்ல கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போய் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை எடுத்துடுங்க. அது ஆன்ல இருந்தா, ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசா அணையாது, பாதித் தூக்கத்துல இருக்கும். அந்த நிலையில லினக்ஸ்லேர்ந்து டி டிரைவைத் திறந்தா, படிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது. சில நேரம் திறக்கவே திறக்காது. அது நல்லதுக்குத்தான். கட்டாயப்படுத்தி எழுதினா கோப்பு கெட்டுப் போகும். நெட்ல 'ஃபோர்ஸ்' போட்டுத் திறக்கச் சொல்லி எழுதியிருப்பாங்க, செய்யாதீங்க.

எந்த லினக்ஸ்னு கேட்பீங்க. மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. விண்டோஸ் பழகின கைக்குச் சிரமம் இல்ல. உபுண்டு 24.04 அடிப்படையில வந்தது, 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. ரூஃபஸ்ங்கிற சாஃப்ட்வேர் வச்சு பென்டிரைவ்ல ஏத்துங்க. போடுறதுக்கு முன்னாடி பென்டிரைவ்லேர்ந்தே லைவ்ல ஓட்டி வைஃபை, ஸ்கேனர், பிரிண்டர் மூணும் வேலை செய்யுதான்னு பாருங்க. குறிப்பா பிரிண்டர். சில பழைய லேசர் பிரிண்டர்களுக்கு லினக்ஸ் டிரைவர் சரியா அமையாது. இது முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும்.

வல்லம்_அம்மா

நடுவுல கேக்குறதுக்கு மன்னிக்கணும். என் பொண்ணு இன்ஜினியரிங் முதல் வருஷம். புது லேப்டாப், விண்டோஸ் 11. காலேஜ்ல லினக்ஸ் வேணும்னு சொல்றாங்க. இதே முறைதானா?

மன்னை_சர்வீஸ்

இல்லக்கா, புது மெஷின்ல வேற மாதிரி. பெரும்பாலும் டிவிடி டிரைவே இருக்காது. பேட்டரி நல்லா இருக்கிறதால சி-யைச் சுருக்கிப் போடலாம், சார்ஜரையும் சொருகி வச்சுட்டு. ஆனா விண்டோஸ் 11-ல நாம கேக்காமலே 'டிவைஸ் என்க்ரிப்ஷன்'ங்கிற டிஸ்க் பூட்டு ஆன் ஆகியிருக்கலாம். பயாஸ்ல செக்யூர் பூட்டையோ (நம்பகமான பூட்லோடரை மட்டும் ஏற விடுற பாதுகாப்பு) வேற எதையோ மாத்தினா, அடுத்த தடவை ஆன் பண்ணும்போது நீலத் திரையில 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது பாப்பாவோட மைக்ரோசாஃப்ட் கணக்குல சேமிச்சிருக்கும். முதல்ல அந்தக் கணக்குல நுழைஞ்சு கீயை எழுதி வைக்கச் சொல்லுங்க. எந்த மெயில் ஐடி போட்டு லேப்டாப்பை ஆரம்பிச்சீங்கன்னு நினைவு இருக்கணும், கடைக்காரர் ஐடியாவும் இருக்கலாம்.

இன்ஸ்டால் பண்ணும்போது டிஸ்க்கே தெரியலன்னா பதறாதீங்க. டிஸ்க் இன்டெல் ஆர்எஸ்டிங்கிற முறையில இருக்கும், பயாஸ்ல அதை ஏஎச்சிஐங்கிற பொது முறைக்கு மாத்தணும். மாத்துறதுக்கு முன்னாடி விண்டோஸை சேஃப் மோடுல ஏறும்படி வச்சுட்டு மாத்தினாத்தான் அது மறுபடி ஏறும்.

குடந்தை_திறமூலம்

அக்கா, செக்யூர் பூட் விஷயத்துல இதையும் தெரிஞ்சு வச்சுக்குங்க. 2024 ஆகஸ்ட் 13 விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நிறைய டூயல் பூட் மெஷின்ல லினக்ஸ் ஏறாம, எஸ்பேட் சரிபார்ப்பு தோல்வின்னு செய்தி வந்துச்சு. பழைய பூட்லோடரைத் தடுக்க அனுப்பினது, டூயல் பூட் மெஷினையும் சேர்த்துப் பிடிச்சிடுச்சு. லினக்ஸ் பென்டிரைவைப் புதுப் பதிப்புல வச்சுக்கச் சொல்லுங்க, பழைய ஐஎஸ்ஓ வேணாம்.

நீடாமங்கலம் அண்ணன்கிட்ட ஒண்ணு. கைரேகை விஷயம் எனக்குத் தெரியாது, நீங்க சொன்னதுல நியாயம் இருக்கு. ஆனா விண்டோஸ் 10 பக்கத்துல இருக்குங்கிறதாலயே அது பாதுகாப்பாயிடாது. மைக்ரோசாஃப்டோட நீட்டிப்புத் திட்டத்துல சேர்ந்தா 2026 அக்டோபர் 13 வரைக்கும் அப்டேட் வரும், அதுல சேருங்க. சேர்ந்தாலும் விண்டோஸ்ல மெயில் திறக்காதீங்க. முக்கியமா வாடிக்கையாளர் பென்டிரைவை அதுல சொருகாதீங்க. ஜெராக்ஸ் கடை பென்டிரைவ்ல ஷார்ட்கட் வைரஸ் இல்லாம இருந்தா அதிசயம். லினக்ஸ்ல சொருகினா அந்த வைரஸ் ஓடாது, மறைச்சு வச்ச கோப்பும் பெரும்பாலும் அப்படியே தெரியும்.

நீடா_ஜெராக்ஸ்

போட்டாச்சு. ஞாயித்துக்கிழமை கடையைப் பாதி ஷட்டர் இறக்கிட்டு உக்காந்தேன். கேடி 9.5 மில்லிமீட்டர், அளந்துட்டுப் போனதால சரியா இருந்துச்சு. ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிப் பழைய துணியில சுத்தி டிராயர்ல வச்சேன். லைவ்ல வைஃபை, ஸ்கேனர், பிரிண்டர் மூணும் எடுத்துச்சு.

கோப்பு காப்பி ஆகிக்கிட்டிருக்கும்போது கரண்டு போச்சு. திரை அணைஞ்சது. மன்னை அண்ணன் சொன்னது இல்லாம இருந்திருந்தா நெஞ்சு நின்னிருக்கும். வந்ததும் மறுபடி 'எரேஸ் டிஸ்க்' கொடுத்தேன், டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை முன்னாடியே எடுத்துட்டதால டி டிரைவ் லினக்ஸ்ல அழகா திறக்குது. நேரத்தையும் மாத்திட்டேன், திங்கக்கிழமை கைரேகை சிக்கல் இல்லாம போச்சு. பட்டா எடுக்கிற வேகத்தைப் பார்த்து, வந்தவர் புது மெஷினான்னு கேட்டார்.

ஒரே ஒரு கேள்வி. ஆன் பண்ணினா நேரா மின்ட்தான் வருது. ஆன் பண்ணினதும் எது வேணும்னு கேக்குற க்ரப் பட்டியல்ல விண்டோஸ் பேரே இல்ல. எஃப்12 அழுத்தினா மட்டும் வருது.

மன்னை_சர்வீஸ்

சந்தோஷம் அண்ணே. போடும்போது விண்டோஸ் டிஸ்க் உள்ள இல்லல்ல, அதனால க்ரப்புக்குத் தெரியாது. க்ரப்பைப் புதுப்பிக்கிற கட்டளையைக் கொடுத்தா தேடிச் சேர்த்துக்கும். அப்பவும் வரலன்னா, 2.06 பதிப்புலேர்ந்து மத்த இயங்குதளத்தைத் தேடுற வேலையை க்ரப் தானா செய்யாம நிறுத்தி வச்சிருக்காங்க. அமைப்புக் கோப்புல ஒரு வரி மாத்தணும், படம் அனுப்புறேன்.

ஆனா உங்க இடத்துல நான் இருந்தா அப்படியே விட்டிருப்பேன். கடையில பையன் யாராவது ஆன் பண்ணினா மின்ட் வரட்டும். கைரேகைக்கு மட்டும் நீங்க எஃப்12 போட்டுப் போங்க. ஐயா சொன்ன பழைய பழக்கம் இழுக்கிறதுக்கும் வழி இருக்காது.

இன்னொண்ணு, ரெண்டு டிஸ்க்கும் ஒரே லேப்டாப்லதான் இருக்கு. ஸ்கேன் காப்பிகளுக்கு வெளி ஹார்ட் டிஸ்க்ல தனியா ஒரு பேக்கப் வேணும், அதை இந்த வாரமே பண்ணுங்க.

வேதாரண்யம்_கடைமடை

அண்ணே, என் டெஸ்க்டாப்ல லெகசின்னு காட்டுது. யுபிஎஸ் இருக்கு, அதனால இருக்கிற டிஸ்க்கையே சுருக்கலாம்னு பார்த்தேன். சுருக்கியாச்சு, காலி இடமும் வந்துடுச்சு. ஆனா அதுல புது பார்ட்டிஷன் போடப் போனா, டைனமிக் டிஸ்க்கா மாத்தணும்னு விண்டோஸ் கேக்குது. ஓகே கொடுக்கலாமா?

மன்னை_சர்வீஸ்

கொடுக்காதீங்க! கேன்சல் பண்ணுங்க. டைனமிக் ஆச்சுன்னா லினக்ஸ் இன்ஸ்டாலர் அங்க போட முடியாது, டேட்டா அழியாம பழையபடி மாத்துறதும் லேசுப்பட்ட காரியம் இல்ல. உங்களுது எம்பிஆர்ங்கிற பழைய முறையில பிரிச்ச டிஸ்க். அதுல பிரைமரி பார்ட்டிஷன் நாலுதான் வைக்கலாம், நாலும் நிரம்பியிருக்கு. ஏதாவது ஒண்ணுல இருக்கிறதை வெளி டிஸ்க்குக்கு மாத்திட்டு, அதை அழிச்சு எக்ஸ்டெண்டடா (உள்ள பல பகுதி வைக்கிற பார்ட்டிஷனா) ஆக்கினா உள்ள எத்தனை வேணும்னாலும் போடலாம். டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைப் படம் எடுத்துப் போடுங்க தம்பி, எதை எடுக்கலாம்னு பார்த்துச் சொல்றேன். அதுவரைக்கும் ஒண்ணையும் தொடாதீங்க.